கழுத்து நரம்புச் சோதனை ஊசி: தூங்கவைத்துப் போடுவதா, விழித்திருக்கும்போதே போடுவதா?

கழுத்தில் ஊசி என்று சொன்னதுமே வருகிற முதல் கேள்வி, “தூங்க வச்சுத்தானே போடுவீங்க?” என்பதுதான். பாம்பனில் வலை இழுப்பவர் கேட்டாலும் கீழக்கரையில் கடை நடத்துபவர் கேட்டாலும் கேள்வி ஒன்றே. பயம் நியாயமானது. ஊசி போகும் இடத்தை நோயாளியால் பார்க்க முடியாது. தண்டுவடம் அருகில் இருக்கிறது என்பதும் எல்லோருக்கும் தெரியும். நாலைந்து மாதமாகப் பிடரி வலியோடு தூங்காமல் இருந்தவருக்கு அரை மணி நேரத் தூக்கம் ஒரு வரமாகவும் தோன்றும்.

எங்கள் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நாள்பட்ட கழுத்து வலிக்கு எந்த மூட்டு காரணம் என்று கண்டுபிடிக்கப் போடும் சோதனை ஊசிக்கு, பெரும்பாலானவர்களுக்குத் தூக்க மருந்து வேண்டாம். சிலருக்கு வேண்டியிருக்கும், அவர்களுக்கும் எந்த மருந்து, எவ்வளவு என்பதில் பெரிய வித்தியாசம் உண்டு. ஏன் என்று புரிய வேண்டுமானால், இந்த ஊசி எதற்காகப் போடப்படுகிறது என்று தெரிய வேண்டும்.

இது வலியைப் போக்கும் ஊசி இல்லை

கழுத்து முள்ளெலும்புகளின் பின்பக்கம், இடமும் வலமுமாக, ஒன்றின் மேல் ஒன்று ஓடு வேய்ந்தது போல் சின்னச் சின்ன மூட்டுகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. இவற்றை ஃபேசட் மூட்டு என்பார்கள். பைக்கில் போகும்போது பின்னால் வண்டி இடித்துத் தலை முன்னும் பின்னும் வெட்டி இழுத்தவர்களுக்கு இந்த மூட்டுகளில்தான் பெரும்பாலும் நாள்பட்ட வலி தங்கிவிடுகிறது. அடிபடாமலும் வரும். ஐஸ் பெட்டியையும் மீன் கூடையையும் ஆண்டுக்கணக்கில் தலையில் சுமந்தவர்கள், பாசி எடுக்கக் கவிழ்ந்து நீந்தியபடி தலையை நிமிர்த்தி நிமிர்த்திப் பார்ப்பவர்கள், படகில் உட்கார்ந்து கயிற்றைப் பக்கவாட்டில் இழுப்பவர்கள் எல்லோரும் கழுத்தின் பின்புறத்துக்கு ஓயாமல் வேலை கொடுப்பவர்களே.

எக்ஸ்ரேயில் “தேய்மானம்” என்று எழுதியிருப்பதை வைத்து இந்த மூட்டுதான் வலிக்கிறது என்று சொல்ல முடியாது. வலியே இல்லாதவர்கள் கழுத்திலும் நடுவயதுக்குமேல் தேய்மானம் தெரியும். எம்.ஆர்.ஐ.யும் இந்தக் கேள்விக்குப் பதில் தராது. அழுத்திப் பார்ப்பதும் திருப்பிப் பார்ப்பதும் சந்தேகத்தைக் கூட்டலாம், உறுதி தராது. மிஞ்சியிருக்கும் வழி ஒன்றுதான்: அந்த மூட்டிலிருந்து வலிச் செய்தியைக் கொண்டுபோகும் மெல்லிய நரம்பைச் சிறிது நேரம் மரக்கச் செய்து, “இப்போது வலி இருக்கிறதா?” என்று கேட்பது. மீடியல் பிராஞ்ச் பிளாக் என்பது இதுதான்.

ஒவ்வொரு மூட்டுக்கும் மேலும் கீழுமாக இரண்டு நரம்புகள். ஐந்தாம் ஆறாம் முள்ளெலும்புக்கு நடுவிலுள்ள மூட்டைச் சோதிக்க சி5, சி6 ஆகிய இரண்டு நரம்புகளையும் மரக்க வைக்க வேண்டும். இரண்டாம் மூன்றாம் முள்ளெலும்புக்கு நடுவிலுள்ள மூட்டுக்கு மட்டும் தனியாக ஒரு நரம்பு: மூன்றாம் ஆக்சிபிடல் நரம்பு. பிடரியில் தொடங்கித் தலைக்கு ஏறும் தலைவலி பெரும்பாலும் இந்த மேல் மூட்டைக் காட்டும். தோள்பட்டைப் பக்கம் இறங்கும் வலி ஐந்து-ஆறு மூட்டைக் காட்டும்.

ஊசி 25 கேஜ். கையில் ரத்தம் எடுக்கும் ஊசியைவிட மெலிது. சி-ஆர்ம் எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே பக்கவாட்டிலிருந்தோ பின்பக்கமிருந்தோ எலும்பைத் தொடும்வரை செலுத்தப்படும். பக்கவாட்டுப் படத்தில் ஒவ்வொரு முள்ளெலும்பின் தூணும் சாய்ந்த கட்டம் போலத் தெரியும்; அதன் நடுப்புள்ளிதான் குறி. நுனி ரத்தக் குழாய்க்குள் இல்லை என்று 0.1 அல்லது 0.2 மி.லி. சாய மருந்து விட்டுப் பார்ப்பார்கள். பிறகு ஒரு நரம்புக்கு 0.3 மி.லி. மரப்பு மருந்து. ஆறு சொட்டுதான். அளவு கூடினால் மருந்து பக்கத்துத் தசைக்கும் அடுத்த நரம்புக்கும் பரவி, எது எதனால் வலி குறைந்தது என்றே தெரியாமல் போகும். 2021-இல் வெளிவந்த பன்னாட்டு வல்லுநர் குழுவின் கழுத்து மூட்டு வழிகாட்டி இந்த 0.3 மி.லி. எல்லையை வலியுறுத்துகிறது. சோதனை ஊசிக்கு வழக்கமாகத் தூக்க மருந்து தர வேண்டாம் என்றும் அதே வழிகாட்டி சொல்கிறது.

ஆக, இந்த ஊசி தருவது ஒரு பதில். அந்தப் பதிலைச் சொல்ல வேண்டியவர் நோயாளி.

தூக்க மருந்து அந்தப் பதிலை என்ன செய்கிறது

மயக்கத்துக்கு வழக்கமாக இரண்டு மருந்துகள் சேர்த்துத் தரப்படும்: மிடசோலம், ஃபென்டனில். இரண்டும் நல்ல மருந்துகள். ஆனால் இந்தச் சோதனையில் இரண்டும் வெவ்வேறு வழியில் கணக்கைக் குழப்பும்.

ஃபென்டனில் அபின் வகை வலி மருந்து. நரம்பில் விட்ட மரப்பு மருந்து வேலை செய்யாவிட்டாலும், ரத்தத்தில் ஓடும் ஃபென்டனில் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம்வரை எல்லா வலியையும் தணிக்கும். மரப்பு மருந்தான லிக்னோகெயின் வேலை செய்யும் நேரமும் ஏறக்குறைய இதே ஒன்று, இரண்டு மணி நேரம்தான். “வலி போயிடுச்சு டாக்டர்” என்று அந்த நேரத்தில் நோயாளி சொன்னால், கழுத்தில் போட்ட ஊசியால் போனதா, கையில் போட்ட ஊசியால் போனதா? யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

மிடசோலம் வலி மருந்து இல்லை. பதற்றத்தைக் குறைக்கும், தசையைத் தளர்த்தும், நினைவை மங்கச் செய்யும். கழுத்து வலியில் இறுகிப்போன தசைக்கும் ஒரு பங்கு உண்டு. தசை தளர்ந்தாலே “இலகுவா இருக்கு” என்று தோன்றும். நினைவு மங்குவது இன்னும் பெரிய சிக்கல். ஊசி போட்டு இருபது நிமிடம் கழித்து எப்படி இருந்தது என்று மறுநாள் கேட்டால், அந்த நேரமே நினைவில் இருக்காது. இந்தச் சோதனையின் முடிவு முழுவதும் நோயாளி குறித்துவைக்கும் வலிக் குறிப்பில் இருக்கிறது. குறிப்பே எழுத முடியாத நிலைக்கு அவரைக் கொண்டுபோய்விட்டுக் குறிப்பைக் கேட்பதில் பொருளில்லை.

2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஒரே நோயாளிகளுக்கு ஒருமுறை தூக்க மருந்தோடும் ஒருமுறை இல்லாமலும் சோதனை ஊசி போட்டுப் பார்த்தார்கள். இடுப்பின் பின்புறமுள்ள சேக்ரோஇலியாக் மூட்டிலும், சிம்பதடிக் எனும் தன்னியக்க நரம்புகளிலும் செய்த ஆய்வு அது, கழுத்தில் செய்ததில்லை. ஆனால் கேள்வி அதேதான். தூக்க மருந்து கொடுத்தபோது “வலி குறைந்தது” என்ற பதில் அதிகமாக வந்தது. ஆள் அதேதான், மூட்டும் அதேதான். பதில் மட்டும் மாறியது.

தூக்க மருந்தே இல்லாமலும் இந்தச் சோதனை தவறாக “ஆம்” சொல்லக்கூடியது. ஆஸ்திரேலியாவின் நியூகாசிலில் 1993-இல் செய்த ஆய்வில், ஒரே ஒரு ஊசியை நம்பினால் கழுத்து மூட்டுகளில் 27 சதவீதம் பொய்யான ஆம் வருகிறது என்று கண்டார்கள். நம்பிக்கையால் வலி குறைவது, மருந்து பரவுவது என்று காரணங்கள் பல. அதனால்தான் பல இடங்களில் இரண்டு தனித்தனி நாள்களில், ஒருமுறை லிக்னோகெயினும் ஒருமுறை பியூபிவகெயினும் கொண்டு போட்டு, இரண்டிலும் வலி குறைகிறதா என்று பார்க்கிறார்கள். பியூபிவகெயின் மூன்று மணி நேரத்துக்கு மேல் நிற்கும். ஏற்கெனவே ஓட்டை உள்ள படகில் இன்னொரு ஓட்டையும் போடுவதுதான் இதற்குமேல் தூக்க மருந்தைச் சேர்ப்பது.

தவறான “ஆம்” வந்தால் என்ன? அடுத்த படி ரேடியோ அலை ஊசியால் அந்த நரம்பைச் சுடுவது. வலிக்காத மூட்டின் நரம்பைச் சுட்டுவிட்டு, செலவும் செய்து, சில வாரம் தோல் எரிச்சலோடு கிடந்து, பழைய வலி பழையபடியே இருக்கும். நல்ல தேர்வு செய்து போட்டால் இதே சிகிச்சை என்ன தரும் என்பதற்கு 1996-இல் வந்த ஆய்வைச் சொல்லலாம்: 24 நோயாளிகள், சரியாகச் சுட்டவர்களுக்கு வலி பாதியளவு திரும்ப 263 நாள் ஆனது, பொய்ச் சிகிச்சை பெற்றவர்களுக்கு 8 நாள். இவர்கள் எல்லோரும் கடுமையான சோதனை ஊசிகளில் தேறியவர்கள். அந்தச் சோதனை சரியாக நடந்ததால்தான் 263 நாள்.

பாதுகாப்புக் கணக்கு

“தூங்கினா அசைய மாட்டேன், அதுதானே நல்லது?” என்று கேட்பவர்கள் நிறைய. கழுத்தில் இது நேர்மாறாக வேலை செய்கிறது.

அமெரிக்க மயக்கவியலாளர் சங்கம் திரட்டிவைத்த, மருத்துவர்கள்மீது போடப்பட்டு முடிந்த இழப்பீட்டு வழக்குகளை ஆராய்ந்து 2011-இல் ஒரு கட்டுரை வந்தது. கழுத்தில் வலிச் சிகிச்சை செய்து வழக்கானவற்றில், தண்டுவடம் சேதமடைந்தவர்களில் 67 சதவீதத்தினர் மயக்கத்தில் இருந்திருந்தார்கள். தண்டுவடச் சேதம் இல்லாத கழுத்து வழக்குகளில் இது 19 சதவீதம். ஊசியின்போது பதில் பேசும் நிலையிலேயே இல்லாதவர்கள் முதல் பிரிவில் 25 சதவீதம், இரண்டாவதில் 5 சதவீதம். இவை பெரும்பாலும் இந்தச் சோதனை ஊசியைவிட ஆழமான, ஆபத்து கூடிய ஊசிகள். மீடியல் பிராஞ்ச் ஊசி முறையாகப் போட்டால் எலும்பின் மேலேயே நிற்கும். ஆனாலும் பாடம் பொருந்தும். ஊசி தவறான இடத்துக்குப் போனால் முதலில் சொல்பவர் நோயாளிதான். “கைக்குள்ள கரண்ட் அடிக்குது” என்றால் நுனி நரம்பு வேரைத் தொடுகிறது. “காதுல இரையுது, வாயெல்லாம் ஒரு மாதிரி இருக்கு” என்றால் மருந்து ரத்தத்தில் கலக்கிறது. கழுத்து முள்ளெலும்புகளின் பக்கவாட்டில் ஏறும் முதுகெலும்பு ரத்தக் குழாய் நேரே மூளைக்குப் போகிறது. அதற்குள் மிகச் சிறிதளவு மரப்பு மருந்து போனாலும் நொடிகளில் வலிப்பு வரலாம். சாய மருந்து விட்டுப் பார்ப்பது ஒரு காவல். பேசிக்கொண்டிருக்கும் நோயாளி இன்னொரு காவல்.

அரைத் தூக்கம்தான் எல்லாவற்றிலும் மோசமான நிலை. ஆழ்ந்து தூங்கவுமில்லை, புரிந்துகொண்டு ஒத்துழைக்கவுமில்லை. ஊசி எலும்பைத் தொடும்போது திடுக்கிட்டுத் தலையைத் தூக்குவார்கள். மிடசோலம் சிலருக்கு அமைதிக்குப் பதிலாகக் குழப்பத்தையும் முரண்டையும் தரும், வயதானவர்களுக்கு அதிகம். குப்புறப் படுத்திருக்கும்போது தூக்கம் ஆழமானால் நாக்கு பின்வாங்கி மூச்சு அடைக்கும். முகம் கீழே இருப்பதால் உடனே கவனிப்பதும் கடினம். குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் பழக்கம் உள்ளவர், பருமனானவர், தினமும் குடிப்பவர் இதில் கூடுதல் எச்சரிக்கைக்குரியவர்கள். குடிப்பழக்கத்தை வீட்டார் முன் சொல்லக் கூச்சமாக இருந்தால் மருத்துவரிடம் தனியாகவாவது சொல்லிவிட வேண்டும். தினமும் குடிப்பவருக்கு மிடசோலத்தின் அளவை முன்கூட்டிக் கணிக்க முடியாது.

ஐந்து வழிகள், ஒவ்வொன்றாக

முதல் வழி, விழித்திருந்து போடுவது. தோலில் மட்டும் மரப்பு மருந்து, அதுவும் அரை மி.லி. போதும். இங்கே பலர் செய்யும் தவறு, நோயாளிக்கு வலிக்கக் கூடாதென்று தோலுக்கும் தசைக்கும் தாராளமாக மருந்து விடுவது. அதுவும் பதிலைக் கெடுக்கும். தசை மரத்துப்போனால் தசை வலியும் போய்விடும். மெலிதான ஊசியாக இருந்தால் தோல் மருந்தே இல்லாமலும் போடுவார்கள். உண்மையில் எவ்வளவு வலிக்கும் என்றால், குத்தும்போது ஒரு சுருக். மருந்து போகும்போது ஐந்து பத்து நொடி எரிச்சல். எலும்பைத் தொடும்போது உள்ளே ஒரு மந்தமான அழுத்தம். இரண்டு மூன்று நரம்புகளுக்கு, படம் பார்க்கும் நேரமும் சேர்த்து, பதினைந்திலிருந்து இருபது நிமிடம். பட்டினி வேண்டாம். லேசாகச் சாப்பிட்டு வரலாம். ஊசி முடிந்து சிறிது நேரத்திலேயே சோதனை தொடங்கிவிடும்.

இந்த வழியில் வரும் தொல்லை, பயத்தில் வரும் கிறக்கம். முகம் வெளிறி, வியர்த்து, நாடித்துடிப்பு இறங்கும். உட்கார்ந்த நிலையில் போட்டால் கூடுதலாக வரும். படுக்கவைத்துப் போட்டால் குறைவு. வெறும் வயிற்றோடு, தண்ணீரும் குடிக்காமல், வெயிலில் பஸ் பிடித்து வந்தவர்களுக்கு இது எளிதில் வரும். ரமலான் நோன்பு காலத்தில் இந்த ஊசிக்குத் தேதி வைக்காமல் பெருநாள் கழித்து வைத்துக்கொள்வது எல்லோருக்கும் நல்லது. அவசர ஊசி ஒன்றும் இல்லை. கிறக்கம் வந்தால் ஊசியை எடுத்துவிட்டு, மல்லாக்கப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். நாடி ஏறாவிட்டால் அட்ரோபின் 0.6 மி.கி., நம் ஊரில் கிடைக்கும் ஒரு ஆம்பூல் அளவு. அதற்காகவாவது, தூக்க மருந்து கொடுக்காவிட்டாலும், கை ரத்தக்குழாயில் மருந்து ஏற்ற ஒரு ஊசிக்குழாயை (கேனுலா) போட்டுவைப்பது நல்ல பழக்கம்.

இரண்டாம் வழி, மாத்திரை. அல்பிரசோலம் 0.25 மி.கி. போல ஒன்றை ஒரு மணி நேரம் முன் கொடுப்பது. எளிது, மலிவு. குறை என்னவென்றால், எப்போது உச்சத்துக்கு வரும் என்று சரியாகச் சொல்ல முடியாது. சிலருக்கு ஊசி முடிந்து வீடு போகும் வழியில்தான் தூக்கம் சொக்கும். அரை நாள்வரை மந்தம் இருக்கும். டயஸிபாம் என்றால் மறுநாளும் இருக்கும். அதனால் வலிக் குறிப்பு கெடும் ஆபத்து, பலரும் நினைப்பதற்கு மாறாக, ரத்தக்குழாயில் தரும் சிறு அளவைவிட மாத்திரையில் அதிகம்.

மூன்றாம் வழி, ரத்தக்குழாயில் மிடசோலம் மட்டும்: 1 மி.கி., தேவைப்பட்டால் இன்னொரு 1 மி.கி., அதற்குமேல் இல்லை. வயதானவருக்கு அரை மி.கி.யில் தொடங்க வேண்டும். கேட்டால் பதில் சொல்லும் நிலை. தூக்க மருந்து கட்டாயம் வேண்டும் என்பவர்களுக்கு நாங்கள் ஏற்கக்கூடியது இதுதான். ஆறு மணி நேரம் திட உணவு கூடாது. தண்ணீர் இரண்டு மணி நேரத்துக்கு முன்வரை குடிக்கலாம். சர்க்கரை நோயாளி இந்தப் பட்டினியில் மாத்திரையோ இன்சுலினோ போட்டுக்கொண்டு வந்தால் சர்க்கரை இறங்கும். முன்னரே கேட்டுவிட வேண்டும். ஆக்சிஜன், விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டர், ரத்த அழுத்தக் கருவி, மூச்சை மட்டும் கவனிக்கத் தனியாக ஒருவர், மாற்று மருந்தான ஃபுளூமசெனில் எல்லாம் அறையில் இருக்க வேண்டும். ஊசி போடும் மருத்துவரே மூச்சையும் கவனிப்பதாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

நான்காம் வழி, மிடசோலமும் ஃபென்டனிலும் சேர்ந்தது. ஃபென்டனில் 25 மைக்ரோகிராம் என்றாலும் சரி, 50 என்றாலும் சரி, சோதனை ஊசிக்கு இதை நாங்கள் ஏற்கவில்லை. காரணம் மேலே சொன்னதுதான்: வலி மருந்து கொடுத்துவிட்டு வலி இருக்கிறதா என்று கேட்க முடியாது. இரண்டும் சேரும்போது மூச்சு குறையும் ஆபத்தும் கூடும். டிரமடால் ஊசி, கெட்டமின், டெக்ஸ்மெடிடோமிடின் ஆகியவற்றுக்கும் இதே பதில். எல்லாமே வலியைத் தொடுபவை.

ஐந்தாம் வழி, புரோபோஃபால் கொடுத்து முழுக்கத் தூங்கவைப்பது. கழுத்துச் சோதனை ஊசிக்கு இது கூடவே கூடாது.

கடற்கரையில் இந்தச் சோதனை கெடும் விதம்

மருந்துக் கணக்கு எல்லா ஊருக்கும் ஒன்று. பயணக் கணக்கு நம் ஊருக்கு வேறு. ராமேசுவரத்திலிருந்து ராமநாதபுரம் 55 கிலோமீட்டர் அளவில். ராமநாதபுரத்திலிருந்து மதுரை இன்னும் 110 கிலோமீட்டருக்கு மேல். சாயல்குடி, தொண்டிப் பக்கமிருந்து வருபவர்களுக்கும் வழி நீளம்தான். தூக்க ஊசியோடு போட்டால் என்ன நடக்கும் என்று பாருங்கள்: ஊசி முடிந்து ஒரு மணி நேரம் கட்டிலில் தூக்கம், எழுந்து டீ குடித்துப் பஸ் ஏறினால் இன்னும் இரண்டு மூன்று மணி நேரம் ஜன்னலோரத் தூக்கம். லிக்னோகெயின் அதற்குள் வேலை முடித்துப் போய்விட்டது. வீட்டுக்கு வந்து கழுத்தைத் திருப்பும்போது வலி இருக்கிறது. “ஊசி கேக்கல” என்று எழுதுகிறார். உண்மையில் மருந்து கேட்டதா என்று யாருமே பார்க்கவில்லை. இது தவறான “இல்லை”. அடுத்த சிகிச்சைக்கான கதவு காரணமில்லாமல் மூடிவிடுகிறது.

அதனால் விழித்திருந்து போட்டுக்கொண்டாலும், ஊசிக்குப் பிறகு குறைந்தது இரண்டு மணி நேரம் மருத்துவமனையிலேயே இருந்து சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டும். சோதனை என்பது சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. வழக்கமாக எது வலியைக் கிளப்புமோ அதைச் செய்து பார்க்க வேண்டும். பைக்கில் பின்னால் திரும்பிப் பார்ப்பது போலக் கழுத்தைத் திருப்புவது, அண்ணாந்து பார்ப்பது, குனிந்து வலை பின்னுவது போல் பத்து நிமிடம் இருப்பது, தண்ணீர்க் குடம் எடை உள்ள பையைத் தோளில் தூக்குவது. வலிக்கு 0 முதல் 10 வரை எண் கொடுத்து, ஊசிக்கு முன் ஒருமுறை, பிறகு முதல் இரண்டு மணி நேரத்துக்கு அரை மணிக்கொருமுறை, பிறகு எட்டு மணி நேரம்வரை மணிக்கொருமுறை எழுத வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் கூட வருபவரிடம் சொல்லி எழுதிக்கொள்ளலாம். ஆனால் எண்ணைச் சொல்ல வேண்டியவர் அவர்தான். “நல்லாத்தான் இருக்காங்க” என்று மகன் சொல்வது கணக்கில் சேராது.

மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுத் தொழிலாளர் பலர் சிகிச்சைக்கு வருவார்கள். ஓய்வான நேரம் என்பதால் அது வசதி. சோதனைக்கு மட்டும் ஒரு சிக்கல்: வேலை இல்லாததால் வலியும் தணிந்திருக்கும். ஊசி போடும் காலையில் வலி பத்துக்குக் குறைந்தது நான்கு இருக்க வேண்டும். இரண்டில் இருந்து ஒன்றுக்கு இறங்கியதை வைத்து எதையும் சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் வருபவர்கள் முந்தின நாள் வலியைக் கிளப்பும் வேலையைக் கொஞ்சம் செய்துவிட்டு வரலாம். ஊசி அன்று காலை வலி மாத்திரை போடக் கூடாது. பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை மருத்துவர் சொன்னபடி தொடரலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர் தானாக நிறுத்தாமல் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும். இந்த ஊசிக்குப் பெரும்பாலும் நிறுத்தத் தேவையிராது.

மூன்றாம் ஆக்சிபிடல் நரம்பை மரக்கவைத்தவர்களுக்கு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கழுத்து எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்ற உணர்வை அந்த மூட்டு மூளைக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். அது நின்றதும் சில மணி நேரம் தள்ளாட்டமாக இருக்கும், படகில் நிற்பது போல. நேரே ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டு நடந்தால் சமாளிக்கலாம். தூக்க மருந்தும் கொடுத்திருந்தால், தள்ளாட்டம் எதனால் என்று பிரித்தறிய முடியாது. விழும் ஆபத்து இரட்டிப்பு. எந்த நரம்பானாலும் அன்று பைக் ஓட்டக் கூடாது. தூக்க மருந்து எடுத்திருந்தால் 24 மணி நேரம் பைக்கும் கூடாது, படகு இயக்கவும் கூடாது, தனியாகப் பஸ்ஸில் போகவும் கூடாது.

விதிவிலக்கு யாருக்கு

ஊசி என்றாலே மயங்கி விழுந்த வரலாறு உள்ளவர், மூடிய இடத்தில் முகம் கவிழ்ந்து படுக்கவே முடியாத அளவு பீதி உள்ளவர், தலை நடுக்கம் இருப்பவர், விபத்துக்குப் பிறகு தொட்டாலே துள்ளுகிற அளவு பயம் தங்கிவிட்டவர். இவர்களுக்கு மூன்றாம் வழியைத் தரலாம், ஒரு நிபந்தனையோடு: முதல் ஊசியில் வலி குறைந்தால், இரண்டாவது சோதனை ஊசியைத் தூக்க மருந்து இல்லாமல் போட வேண்டும். ஒருமுறை அனுபவித்தவருக்கு இரண்டாம் முறை பயம் பாதியாகக் குறைந்திருக்கும், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

அதற்கு முன்பு மருந்தில்லாத வழிகளைப் பார்த்துவிடுவது நல்லது. ஊசியையும் அறையையும் முன்கூட்டியே காட்டுவது, ஒவ்வொரு அடியையும் தமிழில் சொல்லிக்கொண்டே போடுவது, கையைப் பிடித்துக்கொள்ள ஒரு செவிலியர், குப்புறப் படுப்பதற்குப் பதில் ஒருக்களித்துப் படுக்கவைத்துப் போடுவது. ஒருக்களித்துப் படுத்தால் முகம் வெளியே தெரியும், மூச்சும் இலகு, பேச்சும் இலகு. பயம் பெரும்பாலும் தெரியாததைப் பற்றியது; “இப்போ எரியும், அஞ்சு வரைக்கும் எண்ணுங்க” என்று சொன்னால் அந்த எரிச்சல் தாங்கக்கூடியதாகிவிடுகிறது.

நரம்பைச் சுடும்போது கணக்கு வேறு

சோதனை ஊசிக்குச் சொன்னதை ரேடியோ அலைச் சிகிச்சைக்கு அப்படியே பொருத்த வேண்டாம். அங்கே ஊசி தடிமனானது, ஒவ்வொரு நரம்புக்கும் 80 டிகிரி வெப்பத்தில் 90 நொடி சுட வேண்டும், மொத்த நேரமும் கூடுதல். அங்கே பதில் கேட்க வேண்டியதில்லை. பதில் ஏற்கெனவே வந்துவிட்டது. மெல்லிய தூக்க மருந்தும் சிறிது வலி மருந்தும் தருவதில் தவறில்லை. ஆனால் சுடுவதற்கு முன் மின்தூண்டல் செய்து “கை இழுக்குதா?” என்று கேட்கும் கட்டம் உண்டு, அதற்குப் பதில் சொல்லும் விழிப்பு இருக்க வேண்டும். “சுடுறதுக்கு மயக்கம் குடுப்பாங்களாம், அப்போ சோதனைக்கும் குடுங்க” என்று கேட்பவர்களுக்கு இந்த வேறுபாட்டைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

ஏற்கெனவே தூக்க ஊசியோடு சோதனை முடிந்தவர்களுக்கு

டிஸ்சார்ஜ் தாளை எடுத்துப் பாருங்கள். மிடசோலம், ஃபென்டனில், புரோபோஃபால், டிரமடால் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா, ஒரு நரம்புக்கு எத்தனை மி.லி. மருந்து விட்டார்கள், ஊசி போட்டு எத்தனை மணி நேரம் கழித்து வலியைக் கேட்டார்கள் என்ற மூன்றும் முக்கியம். ஃபென்டனிலோடு “80 சதவீதம் குறைந்தது” என்று எழுதப்பட்டிருந்தால், அதை வைத்து நேரே நரம்பைச் சுடத் தேதி வாங்காதீர்கள். சுடுவதற்கு முன் ஒருமுறை, தூக்க மருந்து இல்லாமல், பியூபிவகெயின் 0.3 மி.லி. அளவில் அதே நரம்புகளுக்கு மறுபடி போட்டுப் பார்க்கக் கேளுங்கள். தூக்கக் கலக்கத்தோடு “ஒன்றும் குறையவில்லை” என்று எழுதியிருந்தாலும் அதே கோரிக்கைதான். அந்த மறு ஊசிக்குக் காலை முதல் நேரத்தை வாங்கிக்கொண்டால், எட்டு மணி நேரக் குறிப்பும் பகலிலேயே முடிந்துவிடும். கடைசிப் பஸ்ஸுக்கும் நேரம் இருக்கும்.